கூட்டக் குறிப்பில் ஓர் எண், திரையில் இன்னோர் எண்: விக்கிப் பக்கங்களில் பதித்த தரவுத்தள வினவல்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரின் தரத்தைப் பதிந்துவரும் சிறிய அணி ஒன்று தன் உள் விக்கியில் தரவுத்தள வினவல்களை (தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் கட்டளைகளை) எவ்வாறு பதித்து வைத்திருந்தது, அதனால் என்ன குழப்பம் நேர்ந்தது, அதைச் சீர்செய்தபோது எவை மாற்றப்பட்டன என்பதை இந்த ஆய்வு விவரிக்கிறது. அந்த விக்கியைப் பரிசீலித்துத் திருத்தும் பணியில் நானும் பங்கெடுத்தேன். அணியின் பெயரோ அங்கு பணிபுரிவோரின் பெயர்களோ இங்கு வேண்டியதில்லை. தரவுத்தளம் ஒன்றையும் விக்கி ஒன்றையும் அருகருகே வைத்து நடத்தும் எந்த அணிக்கும் இதே சிக்கல் வரலாம்.

பின்னணி

யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் அவற்றின் கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத இந்தக் குடாநாட்டில் குடிநீருக்கும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரையே மக்கள் நம்பியிருக்கிறார்கள். மழைநீர் விரைவாக இறங்குகின்ற அதே வெடிப்புகளின் வழியே தோட்டத்து உரத்தின் எச்சமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் இறங்கிவிடுவதால், நைத்திரேற்று இங்கு தொடர்ந்து அளக்கப்பட வேண்டிய ஒன்றாகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குத் தரும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்காமல் காப்பதற்காக வகுக்கப்பட்ட எல்லை அது.

அணியின் அளவீடுகள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்றில் சேர்கின்றன. கிணறுகளுக்கு ஓர் அட்டவணை, கிணற்றில் எடுக்கப்பட்ட மாதிரிகளுக்கு ஓர் அட்டவணை, ஆய்வுகூட முடிவுகளுக்கு ஓர் அட்டவணை, கிணற்றின் புகைப்படங்களுக்கு இன்னோர் அட்டவணை என்பதே அதன் எளிய வடிவம். விக்கி, மீடியாவிக்கி என்ற மென்பொருளில் இயங்குகிறது. இரண்டையும் இணைப்பது எக்ஸ்டர்னல் டேட்டா என்ற நீட்சி. நிருவாகி இணைப்பு விவரங்களை வழங்கியின் அமைப்புக் கோப்பில் எழுதி அதற்கு ஒரு பெயரைச் சூட்டிவிட்டால், பக்கம் எழுதுபவர் அந்தப் பெயரையும் தனக்கு வேண்டிய அட்டவணை, நிரல்கள், நிபந்தனை ஆகியவற்றையும் பக்கத்திலேயே குறிக்கலாம். பக்கம் உருவாகும்போது விக்கி அந்த வினவலை ஓட்டி, கிடைத்த வரிசைகளை அட்டவணையாக நிரப்புகிறது.

அதற்கு முன்னர் ஒவ்வொரு வாரமும் எக்செல் கோப்பு ஒன்று வட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தக் கோப்பு கடைசிக் கோப்பு என்பதில் சண்டை ஓயவில்லை. ஆகவே வினவல்கள் விக்கிக்கு வந்தபோது அனைவரும் அதை விரும்பினார்கள். மாவட்டச் சுருக்கப் பக்கம் முதலில் வந்தது, பின்னர் பிரதேசப் பக்கங்கள், அதன் பின் களக்குழுவுக்கும் ஆய்வுகூடத்துக்கும் தனித்தனிப் பக்கங்கள். புதிய பக்கம் தொடங்கிய ஒவ்வொருவரும் பழைய பக்கத்தின் வினவலைப் பிரதிசெய்து, தமக்கேற்றவாறு ஓரிரு சொற்களை மாற்றி ஒட்டினார்கள். சிக்கலின் விதை அங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு.

நிகழ்வு

வாராந்தக் கூட்டம் ஒன்றில் கோப்பாய்ப் பிரிவின் பக்கத்தைத் திறந்து, எல்லை மீறிய கிணறுகளின் எண்ணிக்கையைக் களப் பொறுப்பாளர் வாசித்தார். எதிரே இருந்த தரவு அலுவலர் அதே பக்கத்தைத் தன் மடிக்கணினியில் திறந்து வைத்திருந்தார். அவருடைய திரையில் வேறோர் எண் இருந்தது. மாவட்டச் சுருக்கப் பக்கத்தில் கோப்பாய்க்கு நேரே இருந்ததோ மூன்றாவது எண். முந்தைய கூட்டக் குறிப்பைப் புரட்டியபோது நான்காவது ஒன்றும் அகப்பட்டது. களப் பொறுப்பாளர் வயதில் மூத்தவர், கணினி பற்றி அதிகம் பேசாதவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “இது எப்பத்தைய எண், தம்பி?” தரவு அலுவலரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தின் எந்த மூலையிலும் திகதியோ நேரமோ இருக்கவில்லை.

நான்கு எண்களுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று அணி எதிர்பார்த்தது. உண்மையில் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது. அவற்றுள் மிகப் பாரதூரமானது கடைசியாகத்தான் வெளிப்பட்டது.

ஒரே பக்கம், இரண்டு எண்கள்

மீடியாவிக்கி ஒவ்வொரு வாசகருக்காகவும் பக்கத்தைப் புதிதாக ஆக்குவதில்லை. ஒருமுறை ஆக்கிய பக்கத்தைக் கேஷில் சேமித்து வைத்து, அது காலாவதியாகும் வரை அல்லது யாராவது பக்கத்தைத் திருத்தும் வரை, அதையே எல்லோருக்கும் கொடுக்கிறது. இந்த விக்கியில் அந்தக் காலம் ஒரு நாளாக அமைக்கப்பட்டிருந்தது. தரவுத்தளத்தில் புதிய முடிவுகள் ஏறினாலும் விக்கிக்கு அது தெரியாது. பக்கத்தின் எழுத்து மாறாதவரை விக்கியைப் பொறுத்தவரை பக்கம் மாறவில்லை. “நேரடித் தரவு” என்று பக்கத்தின் தலைப்பில் எழுதியிருந்தது வெறும் விருப்பமாகவே இருந்தது.

இதுவரை எதிர்பார்க்கக்கூடியதே. இருவருக்கும் பழைய எண்ணே வந்தாலும் இருவருக்கும் ஒரே பழைய எண் அல்லவா வரவேண்டும்? அங்குதான் நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட ஒரு வசதி குறுக்கிட்டது. நிரல் தலைப்புகள் தமிழ் இடைமுகம் வைத்திருப்பவருக்குத் தமிழிலும் ஆங்கில இடைமுகம் வைத்திருப்பவருக்கு ஆங்கிலத்திலும் தோன்றும்படி வார்ப்புருவில் (பல பக்கங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பக்கத் துண்டில்) ஏற்பாடு செய்திருந்தார்கள். பயனரின் இடைமுக மொழியைப் பொறுத்து மாறும் துண்டு ஒன்று பக்கத்தில் இருந்தால், மீடியாவிக்கி ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி நகலைக் கேஷில் வைக்கும். களப் பொறுப்பாளரின் தமிழ் நகல் முதல்நாள் பின்னேரம் உருவானது. தரவு அலுவலரின் ஆங்கில நகல் அன்று காலை, இரவில் ஏற்றப்பட்ட முடிவுகளுக்குப் பின்னர் உருவானது. இரண்டும் அவையவை உருவான நேரத்தில் சரியே.

கேஷை முற்றாக நிறுத்திவிடலாம் என்பது அங்கு எழுந்த முதல் யோசனை. அதை நான் ஏற்கவில்லை. கேஷை நிறுத்தினால் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வினவல் ஓடும். சில பக்கங்களில் 15 பிரிவுகளுக்கும் 15 தனி வினவல்கள் இருந்தன. பிரிவுவாரியாகத் தொகுக்கும் ஒரே வினவலால் முடியக்கூடிய வேலை அது. அதைவிட முக்கியமாக, கூட்டத்தின் நடுவே ஒருவர் பக்கத்தைப் புதுப்பித்தால் அவர் கையில் இன்னோர் எண் வந்துவிடும். ஒரு மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஒரே எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே இங்கு தேவை. அந்த எண் நொடிக்கு நொடி மாற வேண்டும் என்பது ஒருபோதும் தேவையாக இருந்ததில்லை.

கோப்பாய்க்கு மட்டும் ஏன் குறைந்தது

கேஷைத் துடைத்துப் பக்கங்களை மீண்டும் ஆக்கிய பின்னரும் கோப்பாய்ப் பக்கம் மாவட்டச் சுருக்கத்தைவிடக் குறைந்த எண்ணையே காட்டியது. ஏனைய பிரிவுப் பக்கங்களில் இவ்வளவு இடைவெளி இல்லை. வினவலைத் திரும்பத் திரும்ப வாசித்தும் பிழை தெரியவில்லை. பிரிவின் பெயர் “கோப்பாய்” என்பதற்குச் சமமாக இருக்கும் வரிசைகளைத் தா என்று நிபந்தனை தெளிவாகவே இருந்தது.

பிழை எழுத்தின் அடியில் இருந்தது. “கோ” என்பதை யூனிக்கோட்டில் இரண்டு வழிகளில் எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாக இடுவது ஒரு வழி. ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இடுவது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணால் எவராலும் பிரித்தறிய முடியாது. ஆனால் தரவுத்தளம் குறியீடுகளை ஒன்றுக்கொன்று ஒப்பிடுவதால் அதற்கு அவை வெவ்வேறு சொற்கள். மீடியாவிக்கி தனக்குள் வரும் எழுத்தையெல்லாம் சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஆகவே வார்ப்புருவின் வழியாகச் சென்ற “கோப்பாய்” எப்போதும் ஒற்றைக் குறியுடையது. தரவுத்தளத்திலோ பழைய பதிவுகள் ஒரு காலத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, பின்னர் மாற்றி ஒன்றின் மூலம் யூனிக்கோட்டுக்குக் கொண்டுவரப்பட்டவை. அந்த மாற்றி குறிகளைப் பிரித்தே விட்டிருந்தது. பழைய கிணறுகள் அத்தனையும் நிபந்தனையிலிருந்து தவறிவிட்டன.

15 பிரிவுகளின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் விடை தானாகவே வரும்: நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், யாழ்ப்பாணம், நல்லூர், சண்டிலிப்பாய், சங்கானை, உடுவில், தெல்லிப்பழை, கோப்பாய், கரவெட்டி, மருதங்கேணி, பருத்தித்துறை, சாவகச்சேரி. இவற்றுள் இரண்டாகப் பிரியக்கூடிய குறி கோப்பாய் ஒன்றில்தான் இருக்கிறது. மாவட்டச் சுருக்கம் பெயரால் அல்லாமல் பிரிவு இலக்கத்தால் தொகுத்ததால் தப்பிப் பிழைத்தது.

போஸ்ட்கிரெஸின் 13 ஆம் பதிப்பிலிருந்து எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் செயற்பாடு உள்ளிணைந்தே வருகிறது. பழைய தரவு அதைக்கொண்டு ஒரே தடவையில் சீர்செய்யப்பட்டது. எனினும் விக்கிப் பக்கத்தின் நிபந்தனையில் தமிழ்ப் பெயரை வைத்து ஒப்பிடுவதே அடிப்படையில் பலவீனமான வழக்கம். ஊர்காவற்றுறையை ஊர்காவற்துறை என்று எழுதுவோரும் உண்டு. எந்த ஒழுங்காக்கமும் அதைச் சரிசெய்யாது. பிரிவுக்கு இலக்கம் உண்டு. கிராம அலுவலர் பிரிவுகளுக்கு ஜே என்ற எழுத்துடன் தொடங்கும் இலக்கம் உண்டு. வினவலுக்கு இலக்கத்தையும் வாசகருக்குப் பெயரையும் கொடுப்பதே முறை.

கிணறா, மாதிரியா

மாவட்டச் சுருக்கத்தின் எண் சரியாக இருக்கும் என்று இப்போது எல்லோரும் நம்பினார்கள். அதுவும் பொய்த்தது, இம்முறை மறுபக்கமாக: எண் உண்மையைவிடக் கூடுதலாக இருந்தது. எல்லை மீறிய கிணற்றில் உறுதிசெய்வதற்காக மறுமாதிரி எடுப்பது அணியின் நடைமுறை. வினவல் எண்ணியதோ வரிசைகளை. ஆகவே இருமுறை மீறிய கிணறு இரண்டாக எண்ணப்பட்டது. அதற்கு மேல், பக்கத்தில் கிணற்றின் படம் ஒன்றும் தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று யாரோ புகைப்பட அட்டவணையையும் இணைத்திருந்தார். மூன்று படங்கள் உள்ள கிணறு மூன்றால் பெருகியது. “எல்லை மீறிய கிணறுகள்” என்று தலைப்புக் கூறியது. அதன் கீழே இருந்ததோ கிணறு, மாதிரி, படம் ஆகிய மூன்றின் பெருக்கம்.

கிணற்றின் அடையாள எண்ணை வேறுபடுத்தி எண்ணினால் மேலோட்டமாக இது தீர்ந்துவிடும். ஆனால் ஒரு கிணற்றில் கார்த்திகையில் எடுத்த மாதிரி எல்லை மீறியும் மாசியில் எடுத்தது மீறாமலும் இருந்தால் அந்தக் கிணறு எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்வியை அது தொடுவதே இல்லை. அது வினவல் மொழியான எஸ்கியூஎல் பற்றிய கேள்வி அன்று. நீரைப் பற்றிய கேள்வி. அணி அதை ஆய்வுகூடத்துடன் சேர்ந்து தீர்மானித்தது: ஒவ்வொரு கிணற்றிலும் இறுதியாக முடிவு வெளியான மாதிரியே கணக்கில் கொள்ளப்படும். அதுவரை அந்தத் தீர்மானத்தை ஒவ்வொரு பக்க ஆசிரியரும் தன்னையறியாமலே தனித்தனியே எடுத்துக்கொண்டிருந்தார்.

நெடுந்தீவு எங்கே

சுருக்க அட்டவணையில் 14 வரிசைகளே இருந்தன என்பதை இந்த ஆய்வின்போதுதான் எவரும் கவனித்தனர். கடல் கொந்தளிப்பான காலத்தில் குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குப் போய் மாதிரியுடன் உரிய நேரத்துக்குள் ஆய்வுகூடம் திரும்புவது இயலாமற் போவதுண்டு. அந்தக் காலாண்டில் அங்கிருந்து மாதிரி வரவில்லை. மாதிரி அட்டவணையிலிருந்து தொடங்கும் வினவல், மாதிரி இல்லாத பிரிவை வெற்று வரிசையாகக்கூடக் காட்டாது. சொல்லாமற் கொள்ளாமல் நீக்கிவிடும். இல்லாத வரிசையை எந்த வாசகரும் தேடுவதில்லை.

பிரிவுகளின் பட்டியலை இடப்பக்கம் வைத்து லெப்ட் ஜொயின் (இடப்பக்க வரிசைகள் எதையும் விடாமல் இணைத்தல்) செய்தபோது நெடுந்தீவு திரும்பி வந்தது, ஆனால் அதற்கு நேரே பூச்சியம் நின்றது. இதுவும் தவறு, சொல்லப்போனால் இது மேலும் மோசமான தவறு. அளந்து மீறல் இல்லை என்பதும் அளக்கவே இல்லை என்பதும் ஒரே எண்ணாகிவிடக் கூடாது. இப்போது அந்த இடத்தில் “மாதிரி எடுக்கப்படவில்லை” என்ற சொற்கள் வருகின்றன. அதேபோல் தரவுத்தளத்துடன் இணைப்பு அறுந்திருக்கும்போது வெற்று அட்டவணை தோன்றாமல் “தரவு கிடைக்கவில்லை” என்ற அறிவிப்புத் தோன்றும்படி வார்ப்புரு எழுதப்பட்டது.

அலகு

மிகப் பாரதூரமானது என்று முன்னர் குறிப்பிட்டது இதுவே. நைத்திரேற்றை இரண்டு விதமாக அறிக்கையிடலாம்: நைத்திரேற்றாகவோ, அதிலுள்ள நைதரசனாகவோ. நைத்திரேற்றின் மூலக்கூற்று நிறை 62, நைதரசனின் அணு நிறை 14; எனவே நைதரசன் அளவிலிருந்து நைத்திரேற்று அளவுக்குப் போக ஏறக்குறைய 4.43 ஆல் பெருக்க வேண்டும். 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது நைதரசனாகச் சொன்னால் 11.3 மில்லிகிராம். அணியின் ஒரு கருவி ஒரு முறையிலும் மற்றக் கருவி மற்ற முறையிலும் முடிவு தந்தன. ஆய்வுகூடம் தன் கடமையைச் சரியாகவே செய்திருந்தது: ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அலகு நிரலில் எது என்று எழுதி வைத்திருந்தது.

விக்கிப் பக்கங்களுள் மாவட்டச் சுருக்கம் மட்டுமே அந்த நிரலைப் பார்த்து மாற்றியது. பிரதேசப் பக்கங்கள் அதற்கு முந்தைய வினவலின் பிரதிகள். அவை எண்ணை எடுத்து நேரே 50 உடன் ஒப்பிட்டன. நைதரசனாக 12 என்று பதிவான கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நைத்திரேற்றாக அது 53. எல்லை மீறிய நீர். பிரதேசப் பக்கத்திலோ 12 என்ற எண் 50 இலிருந்து வெகுதூரம் கீழே, பச்சை நிறத்தில், பாதுகாப்பானதாகத் தோன்றியது. கேஷினாலோ மறுமாதிரியினாலோ வரும் பிழை கூட்டத்தில் வாக்குவாதத்தைத்தான் உண்டாக்கும். இந்தப் பிழை எந்த வாக்குவாதத்தையும் உண்டாக்கவில்லை, ஏனெனில் பச்சை நிறத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை. பிரதேச மட்டத்தில் வீட்டுக்காரரிடம் பேசுபவர் பார்ப்பது சுருக்கப் பக்கத்தை அன்று, இந்தப் பக்கத்தைத்தான்.

மாற்றத்தை எங்கே செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு பொருளறிவு பக்கத்தின் வினவலுக்குள் எழுதப்பட்டால் அது அந்தப் பக்கத்துக்கு மட்டுமே சொந்தமாகிறது. தரவுத்தளத்தில் வியூவாக, அதாவது பெயரிட்டுச் சேமித்த வினவலாக, எழுதப்பட்டால் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்கிறது.

ஐந்தரை மணி நேரம்

மாத அறிக்கையிலும் சிறு கசிவு இருந்தது. களக்குழு நேரமின்றித் திகதியை மட்டும் பதிந்தபோது பதிவுச் செயலி அதை இலங்கை நேர நள்ளிரவாக எடுத்துக்கொண்டது. இலங்கை நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. வழங்கியின் இணைப்பு உலகப் பொது நேரத்தில் இருந்ததால், 1 ஆம் திகதி நள்ளிரவு முந்திய மாதக் கடைசி நாளின் மாலை 6.30 ஆகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் நாளின் மாதிரிகள் முந்திய மாதத்துக்குப் போயின. விக்கி பயன்படுத்தும் தரவுத்தளக் கணக்கின் நேர வலயத்தைக் கொழும்பு என்று நிலைப்படுத்தியதுடன் இது முடிந்தது.

பக்கத்தின் பின்புறம்

எண்களைத் தேடிப் போன வழியில் வேறொன்றும் அகப்பட்டது. புதிதாகச் சேருபவர்களுக்கான வழிகாட்டிப் பக்கத்தில் தரவுத்தளத்தின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தன. அந்தக் கணக்கால் வரிசைகளை அழிக்கவும் முடியும். பக்கத்திலிருந்து அந்த வரியை நீக்குவதால் ஒன்றும் ஆகாது. பக்க வரலாற்றில் அது அப்படியே இருக்கும், விக்கியின் காப்பு நகல்களிலும் இருக்கும். ஒருமுறை விக்கியில் எழுதப்பட்ட கடவுச்சொல் பறிபோனதாகவே கருதப்பட வேண்டும். அன்றே மாற்றப்பட்டது.

அதைவிட நுட்பமான ஆபத்து, பக்கத்தைத் திருத்தும் உரிமையே வினவும் உரிமையாக இருந்தது என்பதுதான். கிணறு அட்டவணையில் வீட்டுக்காரரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் உண்டு. எந்த நிரலைக் கேட்பது என்பதைப் பக்க ஆசிரியரே எழுதுவதால், விக்கியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அவற்றைக் கேட்கலாம். கேட்டவர் பக்கத்தைச் சேமிக்கக்கூட வேண்டியதில்லை, முன்தோற்றம் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இதை அலட்சியமாக விட முடியாது.

இப்போது விக்கிக்கென்று தனிக் கணக்கு உண்டு. அதற்கு மூல அட்டவணைகள் எதன்மீதும் உரிமை இல்லை. சில வியூக்களை வாசிக்கும் உரிமை மட்டும் உண்டு. போஸ்ட்கிரெஸில் வியூ ஒன்று வழக்கமாக அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் மூல அட்டவணையைப் படிப்பதால் இந்த ஏற்பாடு தடையின்றி நடக்கிறது. அந்த வியூக்களில் பெயர், தொலைபேசி நிரல்கள் இல்லை. அக்கணக்கில் ஓடும் எந்த வினவலும் சில நொடிகளுக்கு மேல் நீடித்தால் நிறுத்தப்படும்படி கால எல்லையும் இடப்பட்டது. போஸ்ட்கிரெஸ் தானாக அத்தகைய எல்லை எதையும் விதிப்பதில்லை என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. நிருவாகி முன்கூட்டியே எழுதிய வினவல்களை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் வசதி எக்ஸ்டர்னல் டேட்டாவிலேயே உண்டு. பிரிவு இலக்கத்தை மட்டும் பக்கம் கொடுக்கும், மற்றவை அமைப்புக் கோப்பில் இருக்கும். வார்ப்புருவுக்குக் கொடுக்கும் சொல்லுக்குள் மேற்கோள் குறியை நுழைத்து நிபந்தனையையே மாற்றிவிடும் தந்திரத்துக்கும் அதனால் இடமில்லாமற் போகிறது. பிரதேசப் பக்கங்கள் அனைத்தும் அந்த முறைக்கு மாறின.

இப்போதைய அமைப்பு

மையத்தில் இருப்பது ஒரு மெட்டீரியலைஸ்ட் வியூ, அதாவது தன் விடையையும் சேமித்து வைத்திருக்கும் வியூ. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரே வரிசை. பிரிவு இலக்கம், இறுதி மாதிரியின் திகதி, நைத்திரேற்றாக மாற்றப்பட்ட அளவு, எல்லை மீறியதா என்ற விடை. கடைசியாக ஒரு நிரல்: இந்தக் கணக்கு எடுக்கப்பட்ட நேரம். வியூ புதுப்பிக்கப்படும் கணத்தில் அந்த நேரம் உறைந்துவிடுகிறது. எல்லாப் பக்கங்களும் தம் அட்டவணைக்குக் கீழே அந்த நிரலையே அச்சிடுகின்றன. ஆகவே கேஷில் இருக்கும் நகல் எவ்வளவு பழையதாயினும், அது தன் வயதைத் தானே சொல்லும். பக்கம் ஆக்கப்பட்ட நேரத்தை விக்கியிலிருந்து எடுத்து அச்சிட்டிருந்தால் இந்தப் பயன் கிட்டியிராது. வாசகருக்கு வேண்டியது தரவின் நேரம்.

வியூ ஒவ்வோர் இரவும் புதுப்பிக்கப்படுகிறது. அது முடிந்தவுடன் சிறு கணினிச் செயலி ஒன்று அந்த வார்ப்புருவைப் பயன்படுத்தும் பக்கங்களின் பட்டியலை விக்கியிடம் கேட்டு, அவற்றின் கேஷைத் துடைக்கிறது. தமிழ் நகல், ஆங்கில நகல் இரண்டும் காலையில் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. வாசிப்போரைத் தடுக்காமல் புதுப்பிக்கும் முறை போஸ்ட்கிரெஸில் உண்டு, அதற்கு வியூவில் தனித்துவச் சுட்டி (ஒரே மதிப்பு இருமுறை வராது என உறுதிசெய்யும் சுட்டி) ஒன்று வேண்டும். இவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள், நான் இதில் பெரிய அக்கறை காட்டவில்லை, நள்ளிரவு கடந்து அந்தப் பக்கத்தை யார் திறக்கப் போகிறார்கள்? மின்வெட்டுத்தான் உண்மையான இடையூறு. 2022 இல் நாளில் பல மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தை அனுபவித்தவர்கள் இரவு வேலையை நம்பி உறங்க மாட்டார்கள். ஆகவே குறித்த நேரத்தில் வழங்கி அணைந்திருந்தால், மீண்டும் எழும்பியவுடன் தவறிய வேலையை ஓட்டும்படி, வேலைகளை நேரப்படி தொடக்கும் சிஸ்டம்டி டைமரில் ஏற்பாடு செய்யப்பட்டது. அதுவும் நடக்காத நாளில் பக்கத்தின் அடியில் நேற்றைய திகதி நிற்கும். அதைப் பார்த்து எவரும் தொலைபேசியை எடுக்கலாம்.

எண்ணின் வரைவிலக்கணம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் சற்று நேரம் விவாதம் நடந்தது. விக்கிப் பக்கத்தில் எழுதினால் வினவல் மாறும்போது அது மாறாமல் நின்றுவிடும். இறுதியில் தரவுத்தளத்திலேயே வியூவுக்கும் அதன் நிரல்களுக்கும் கருத்துரையாக, தமிழில், முழு வாக்கியங்களில் எழுதி வைத்தோம்: எண்ணப்படுவது கிணறு, மாதிரி அன்று, கணக்கில் வருவது இறுதி மாதிரி, அளவு நைத்திரேற்றாக, எல்லை 50 மில்லிகிராம். விக்கி அந்தக் கருத்துரையையும் ஒரு வினவலால் எடுத்து அட்டவணைக்கு மேலே காட்டுகிறது. வியூவைத் திருத்துபவரின் கண்முன்னே அதன் விளக்கம் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறார்.

கூட்டக் குறிப்புப் பக்கங்களில் வினவல் பதிப்பது நிறுத்தப்பட்டது. குறிப்பு என்பது அன்று என்ன தெரிந்திருந்தது என்பதன் பதிவு. அது பின்னர் தானாக மாறக் கூடாது. அங்கு எண்ணைச் சாதாரண எழுத்தாக, தரவின் நேரத்துடன் சேர்த்து ஒட்டுகிறார்கள். கூட்டத்தில் எவருக்கும் இது பிடிக்கவில்லை, கையால் ஒட்டுவது பின்னோக்கிப் போவதுபோல் இருக்கிறது என்றார்கள். நான் இதில் விட்டுக்கொடுக்கவில்லை. நான்காவது எண் அங்கிருந்துதான் வந்தது: முந்தைய கூட்டத்தின் குறிப்பில் பதிந்திருந்த வினவல், அந்தக் கூட்டம் முடிந்த பின்னரும் ஓடிக்கொண்டே இருந்தது.

தீராதவை

ஆய்வுகூடத்தில் ஒருவர் புதிய கேள்வி ஒன்றைக் கேட்க விரும்பினால் நிருவாகியிடம் வியூ கேட்டுக் காத்திருக்க வேண்டியுள்ளது. முன்னர் தானே பக்கத்தில் எழுதிவிடுவார். அந்த விரைவு போய்விட்டது என்ற குறை நியாயமானது. இதற்காக விக்கியில் ஒரு தனிப் பெயர்வெளி (பக்கங்களுக்கான தனிப் பகுதி) திறக்கப்பட்டிருக்கிறது. அங்கு அனுமதி பெற்ற சிலர் பெயர், தொலைபேசி நீக்கிய வியூக்களின் மீது விரும்பியபடி வினவலாம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் “சோதனை, மேற்கோள் காட்ட வேண்டாம்” என்று வரும். ஒரு சோதனைப் பக்கத்தை மூன்று பேருக்கு மேல் தொடர்ந்து பார்க்கத் தொடங்கினால் அதன் வினவல் வியூவாக மாற்றப்படும் என்பது பேச்சளவிலான உடன்பாடு. நடைமுறையில் அது எப்போதும் நடப்பதில்லை.

கிணற்றடிகளின் பெயர்களிலும் ஒழுங்கைப் பெயர்களிலும் பிரிந்த குறிகள் இன்னும் இருக்கக்கூடும். பழைய தரவு சீர்செய்யப்பட்டாலும் களக்குழுவின் கைபேசி விசைப்பலகைகள் பலவகை. புதிதாக வரும் எழுத்தைச் சேமிப்பதற்கு முன்னரே ஒழுங்காக்கும் விதி அட்டவணையில் சேர்க்கப்பட வேண்டும். அது அடுத்த பதிப்புக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அதுவரை கோப்பாய்ப் பக்கத்தின் எண்ணையும் சுருக்கத்தில் கோப்பாயின் எண்ணையும் தரவு அலுவலர் திங்கட்கிழமைகளில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.